கூதிர் காலத்து அடுப்பும் அகலும்

புரட்டாசி பிறந்து சில நாட்கள் சென்றதும் வட இந்தியாவில் மேகங்கள் கலைந்து ஆகாயம் தெளிந்துவிடுகிறது. வடமொழிக் கவிகள் சரத் ருது என்று கொண்டாடியது அந்தத் தெளிவையும், ஆற்றங்கரை நாணலின் வெண்பூவையும், மாசு மறுவற்ற நிலவையுமே ஆகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே மாதங்களில் மரங்கள் செம்பும் பொன்னுமாக நிறம் மாறி இலையுதிர்க்கின்றன. அங்குள்ள இல்லத்தரசிகள் ஆப்பிளையும் பூசணியையும் அடுப்பிலேற்றி, உதிர்ந்த இலைகளையும் காய்ந்த சோளக் கதிர்களையும் கொண்டு வாசற்கதவை அலங்கரிக்கிறார்கள். நம் நாட்டிலோ இலை உதிர்வது மாசி பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு மழைக்கே உரிய மாதங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் பெருமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மறுபக்கத்திலேயே வாங்கிக்கொண்டு விடுவதால், அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் காற்றுத் திசை திரும்பி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வரும் மழையைத்தான் தமிழ்நாடு எதிர்பார்த்துக் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, சென்னைப் பட்டணத்திலோ சுமார் 60 சதவிகிதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் ஐப்பசி கார்த்திகை இரண்டையும் கூதிர் என்ற பருவத்துக்கு உரிமையாக்கினார்கள்.

இந்தக் கூதிர் காலத்து வீடு எப்படி இருந்தது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்குப் பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. 188 அடிகளே கொண்ட அந்தப் பாட்டில், கோடையில் வீசி மகிழ்ந்த வட்ட விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டு, அவற்றின்மேல் சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது. தென்றலை வரவேற்ற மேல்மாடத்துக் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. குவிந்த வாயுடைய செம்பில் குளிர்ந்த நீரை யாரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய தடவிலே நெருப்பை இட்டு அதன் வெம்மையில் குளிர் காய்கிறார்கள். சூரியன் தென்படாத அந்நாட்களில் மாலைப் பொழுது வந்ததை எப்படி அறிவது? பிச்சி அரும்புகளைப் பறித்துத் தட்டிலே இட்டு வைத்து, அவை இதழ் விரிந்து மணம் வீசியதும் பெண்கள் பொழுதை உணர்ந்து, இரும்பு விளக்கிலே நெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். பருவத்தின் அலங்காரமும் பருவத்தின் கடிகாரமும் ஒரே பூந்தட்டாக அமைந்த இந்த இல்லறத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கூதிருக்குப் பகைகள் இரண்டு: ஒன்று ஈரம், மற்றொன்று இருள். மாவு பூசணம் பூக்கிறது; உப்பு கசிகிறது; அப்பளம் நமத்துப் போகிறது; நான்கு மணிக்கே கூடத்தில் இருட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்பருவத்துக்கென்று நம்மவர் வகுத்த ஆகாரங்களையும், செய்து வைத்த சிங்காரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், அவை யாவும் இந்த இரண்டு பகைகளுக்கும் சொன்ன பதிலாகவே அமைந்திருப்பதும், அந்தப் பதிலுக்கு வேண்டிய சாமான்கள் அனைத்தும் வெயிற்காலத்திலேயே சேகரிக்கப்பட்டிருப்பதும் புலப்படும். சித்திரை வெயிலில் காய்ந்த சுண்டைக்காய் வற்றல்தான் ஐப்பசியின் வற்றற்குழம்பு. கோடையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிப் புகைப்பரணில் ஏற்றி வைத்த கருப்பட்டிதான் கார்த்திகைக் கொழுக்கட்டையின் இனிப்பு. மழைக்காலத்து வீட்டின் சுகம் வெயிலிலே சம்பாதிக்கப்படுகிற சுகம் என்பதை இக்காலத்தில் நாம் மறந்து வருகிறோம் என்பதே என் கவலை.

கொலுவும் சுண்டலும்

பருவத்தின் வாயிலில் நிற்பது நவராத்திரி. மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் இந்த ஒன்பது இரவுகளின் கொலுவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை; படிகள் ஒற்றைப்படையில் அமைவதும், செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி ஜோடிக்கு முதல் மரியாதை கிடைப்பதும், பண்ணுருட்டியிலிருந்தும், மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்தும், காஞ்சிபுரத்திலிருந்தும் பொம்மைகள் வருவதும் யாவரும் அறிந்தவை. படிக்கட்டின் பொம்மைகளைவிட, படிக்கட்டின் அடியிலே குழந்தைகள் தரையில் உண்டாக்கும் சிற்றூர்தான் என் கண்ணுக்கு எப்போதும் அரிய சிருஷ்டியாகப் படுகிறது. அமாவாசையன்றே ஒரு தாம்பாளத்தில் ஈர மணலைப் பரப்பி, கடுகையும் வெந்தயத்தையும் கேழ்வரகையும் தூவிவிட்டால், கடுகு மூன்றாம் நாளிலேயே இரட்டை இலை விட்டு எழும்பும்; வெந்தயம் அதைத் தொடரும்; கேழ்வரகு சற்றுத் தாமதித்து மெல்லிய புல்லாகப் படரும். சரஸ்வதி பூஜையன்று அது ஒரு பசும்புல்வெளி. அதன் நடுவே கண்ணாடித் துண்டைப் பதித்தால் குளம். கரித்தூள் தூவினால் பாதை. தீப்பெட்டிக் கூடுகளை ஒட்டி வைத்தால் அக்கிரகாரம், கடைத்தெரு, ரயில் நிலையம். விதை முளைக்கும் விந்தையை ஒரு குழந்தை பாடப் புஸ்தகத்தில் படிப்பதற்கு முன்பே தன் கையால் நடத்திப் பார்த்துவிடுகிறது.

கொலுவுக்குக் குன்றும், சுண்டல் விநியோகத்துக்குக் கூடையும் வேண்டுமானால், அதற்கும் ஒரு பழைய கைவேலை உண்டு. பழைய செய்தித்தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு மூன்று நாட்கள் நீரில் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தையும் ஒரு சிட்டிகை மஞ்சளையும் அதனோடு கூட்டி ஆட்டுக்கல்லில் மைய அரைத்தால், வெண்ணெய்போல் வழுவழுப்பான கூழ் கிடைக்கும். கிராமங்களில் முறத்தின் ஓட்டைகளை மெழுகி அடைப்பது இந்தக் கூழைக் கொண்டுதான். வெந்தயத்தின் பசை காகித நார்களைப் பிணைத்துவிடுகிறது. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, விரல் கனத்துக்குக் கூழைத் தட்டி, நிழலில் ஒரு நாளும் வெயிலில் சில நாட்களும் உலர்த்தி எடுத்தால், தட்டினால் ஓசை எழும்பும் அளவுக்கு இறுகிய கூடை தயார். செம்மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு அதில் பட்டை தீட்டலாம். ஆனால் ஆவணி வெயில் இருக்கும்போதே இதைச் செய்து முடித்துவிட வேண்டும். முதல் மழை விழுந்த பிறகு தொடங்கினால் கூழ் உலராமல் நாற்றமெடுக்கும்.

சுண்டலைப் பொறுத்தவரை நாளுக்கொரு தானியம் என்பதே சம்பிரதாயம். கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, பயறு எதுவானாலும் முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் குழைந்துவிடாமல் வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்குவதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. காராமணியை வெல்லம் சேர்த்துச் செய்யும்போது மாத்திரம் கவனம் தேவை: தானியம் நன்றாக வெந்த பிறகுதான் வெல்லத்தைச் சேர்க்க வேண்டும், முன்னாலேயே சேர்த்தால் தோல் இறுகிப்போய் எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது. கிணற்று நீர் கடினமாக உள்ள ஊர்களில் பருப்பு வேகாமல் அடம் பிடிப்பதற்கு அந்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தே காரணம். ஆகையால்தான் பாட்டிமார்கள் முதல் மழையில் கூரை கழுவப்படும்வரை காத்திருந்து, அடுத்த மழையில் அண்டாவின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி முற்றத்தில் வைத்து நீர் பிடித்தார்கள். அந்த மழை நீரில் துவரம்பருப்பு மலர்ந்து வேகும் அழகே தனி.

மழை வலுத்த பிறகு

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது பழமொழி. அடைமழை நாட்களின் அடுக்களைக்கு ராஜா மிளகுதான். பச்சைக் காய்கறிகள் சந்தைக்கு வராத நாட்களில், புளிக் கரைசலில் பொடித்த மிளகும் சீரகமும் நசுக்கிய பூண்டும் சேர்ந்து நுரை கட்டி எழும்பும்போது, கொதிக்க விடாமல் இறக்கிய ரசமும், தணலில் சுட்ட அப்பளமும், பருப்புத் துவையலும் போதும். வேறொரு பதார்த்தமும் தேவையில்லை. ஈயச் சொம்பில் வைத்த ரசத்தின் ருசி மற்றப் பாத்திரத்தில் வராது என்பவர்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்; ஆனால் அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும், காரீயக் கலப்பு நஞ்சு; வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடுமாதலால் நீரை ஊற்றாமல் அதை ஒருபோதும் அடுப்பிலேற்றக் கூடாது. வேலியோரத்துத் தூதுவளையின் முள்ளை நீக்கி நெய்யில் வதக்கிச் சேர்த்த ரசம், கொள்ளை வேகவைத்த நீரில் வைத்த ரசம், காவேரிக் கரை ஊர்களில் வயல் நண்டை உரலில் இடித்துச் சாறு பிழிந்து வைக்கும் ரசம் என்று இந்த ஒரு விருட்சத்துக்குக் கிளைகள் பல. மார்ச்சளியோடு வாடும் குழந்தைக்கு அந்த நண்டு ரசத்தைச் சுடச்சுட ஊற்றிக் கொடுக்காத தாய் அப்பகுதியில் அரிது.

தீபாவளி மருந்து என்று நாம் வழங்கும் லேகியமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு, நாள் முழுவதும் எண்ணெய்ப் பலகாரங்களை உண்ணப் போகிற வயிற்றுக்கு அது முன்னேற்பாடு. சுக்கு, மிளகு, தனியா, ஓமம், சீரகம், சித்தரத்தை, அவற்றோடு அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி. இவற்றில் அரிசித் திப்பிலி என்பது திப்பிலிக் கொடியின் காய், கண்டந்திப்பிலி அதே கொடியின் வேர். எல்லாவற்றையும் வெறும் வாணலியில் இளஞ்சூடாக வறுத்து, இடித்துச் சலித்து, பொடியின் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகில் அதைத் தூவிக் கிளற வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் மாறி மாறி விட்டுக்கொண்டே கிளறுகையில், முதலில் அது எண்ணெயையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பின்பு ஒரு கட்டத்தில், குடித்ததை ஓரங்களில் கக்கத் தொடங்கும். அதுதான் பதம். ஒரு துளியை விரலில் உருட்டினால் ஒட்டாமல் திரளும். அடுப்பை விட்டு இறக்கி ஆறிய பிறகே தேனைச் சேர்க்க வேண்டும். கடைகளில் இப்போது டப்பாக்களில் அடைத்து விற்கும் லேகியம் கிடைக்கிறது. ஆயினும் வீட்டிலே அது கிளறப்படும்போது எழுந்து அறை அறையாகப் பரவுகிற அந்த வாசனையே பாதி மருந்து என்பது என் திடமான அபிப்பிராயம்.

கார்த்திகை

பருவத்தின் சிகரம் கார்த்திகை. பௌர்ணமியும் கிருத்திகையும் சேரும் நாளில் வரிசையாக விளக்கேற்றும் வழக்கம் அகநானூற்றிலேயே பேசப்படுகிறது. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் இருளுக்குச் சொல்லி வரும் பதில் இது. அடையும் அப்பமும் அன்று எல்லா வீடுகளிலும் உண்டெனினும், அந்நாளின் தனிச் சின்னம் பொரி உருண்டையே. ஈரத்தை முழுவதும் துறந்த தானியம் பொரி. அதை ஈரம் ததும்பும் பருவத்தில் உருண்டை பிடித்து மொறுமொறுப்பாக வைத்திருப்பதில்தான் சமையல்காரியின் சாமர்த்தியம் சோதிக்கப்படுகிறது. எட்டுப் பங்கு பொரிக்கு ஒரு பங்கு வெல்லம் போதும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பிலேற்றிக் காய்ச்ச வேண்டும். காயக் காயப் பாகிலுள்ள நீர் வெளியேறுகிறது. அதன் கொதிநிலை ஏறிக்கொண்டே போகிறது. கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டால் முதலில் கரையும். பிறகு இளகிய உருண்டையாகத் திரளும். இன்னும் சற்றுப் பொறுத்து விட்டால் கெட்டியாக உருண்டு, எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசையிடும். அந்த ஓசையைக் கேட்டவுடன் தாமதம் கூடாது. நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லையும், சுக்குப் பொடியையும், ஏலத்தையும் பாகில் போட்டு, பொரியின்மேல் கொட்டிக் கிளறி, உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு, சூடு தாங்கும் வேகத்தில் உருட்டிவிட வேண்டும். இளம்பாகில் பிடித்த உருண்டை மறுநாளே நமத்துச் சரிந்துவிடும். ஓசைப் பதத்தில் பிடித்ததும், ஆறியவுடனேயே தகர டின்னில் அடைக்கப்பட்டதுமான உருண்டை அடைமழையிலும் வாரக்கணக்கில் நிற்கும்.

தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சீமைகளில் கார்த்திகைக்கு மற்றொரு பண்டம் உண்டு. வறுத்த அரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் ஆகியவற்றைப் பிசைந்து, பனங்குருத்தோலைத் துண்டின் மடிப்பிலே அடைத்து, மேலே இன்னொரு துண்டை வைத்து, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். ஆவி எழும்போது ஓலையின் பசுமணம் மாவுக்குள் இறங்கிவிடுகிறது. பிரித்தெடுத்த கொழுக்கட்டையின்மேல் ஓலை நரம்புகளின் கோடுகள் பதிந்திருக்கும். பாத்திரம், அச்சு, வாசனைத் திரவியம் மூன்றும் ஒரே ஓலை.

அதே பனைதான் அன்றிரவு சிறுவர்களின் கையிலும் சுழல்கிறது. ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைப் பொறுக்கி, குழியிலிட்டுக் கொளுத்தி, எரிந்து சாம்பலாகிவிடாமல் மூடி மூச்சடைத்துக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழந்துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பனைமட்டைப் பிளாச்சுகளின் நடுவே அந்தப் பொட்டலத்தை இறுக்கிப் பிணைத்து, கயிற்றைக் கட்டி, முனையில் தணலை வைத்து, தலைக்குமேல் சுழற்றினால், காற்றுப் பட்டுக் கனன்ற கரியிலிருந்து பொன்னிறப் பொறிகள் வட்டமாகக் கொட்டும். மாவலி என்றும் கார்த்திகைப் பொறி என்றும் இதைச் சொல்லுவார்கள். வெடிச் சத்தமில்லை, கந்தக நாற்றமில்லை, செலவும் இல்லை. ஒரு சிறுவன் தன் தாத்தாவிடம் ஒரு வார காலம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய வேலை மாத்திரம் உண்டு. பெரியவர் ஒருவர் அருகிருக்க, பஞ்சாடை உடுத்தி, கூரைகளை விட்டு விலகிய திறந்த மைதானத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் விளக்கீடு என்று வழங்கும் அதே திருநாளில், வாசலில் வாழைக்குற்றியை நட்டு அதன் தலையில் விளக்கேற்றுகிறார்கள். குலை ஈன்று முடிந்து வெட்டப்பட்ட வாழை ஓர் இரவுக்குத் தீபஸ்தம்பமாகிவிடுகிறது.

வாசலைச் சிங்காரிப்பதிலும் மழையை அனுசரித்த ஒரு முறை இருக்கிறது. உலர்ந்த மாவுக் கோலம் தூறலில் கரைந்துவிடும் என்பதால், ஊறிய பச்சரிசியை மைய அரைத்து, துணியில் தோய்த்து, நடு மூன்று விரல்களின் வழியே ஒழுகவிட்டு இழைக்கோலம் போட்டு, ஓரத்தில் செம்மண் பூசுவார்கள். உலர்ந்த பிறகு அது தரையைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் நிற்கும். அகலைக் காற்றுக்கும் சாரலுக்கும் மறைத்து வைப்பதற்கென்றே பழைய வீடுகளின் சுவரில் மாடக்குழிகள் அமைந்திருந்தன. அவை இல்லாத இன்றைய வீடுகளில், பால்கனிச் சுவரோரத்தில் கவிழ்த்த பூந்தொட்டியின் பக்கவாட்டில் அகலை வைத்தால் காற்று தடைபடும். புது அகலை அப்படியே ஏற்றக்கூடாது. சில மணி நேரம் நீரில் மூழ்கவைத்து, எடுத்துத் துடைத்து உலர்த்திய பிறகு எண்ணெய் விட்டால், மண்ணின் நுண்துளைகள் எண்ணெயைக் குடிக்காது. திரி சற்றுப் பருமனாக இருக்கட்டும். நல்லெண்ணெயானாலும் இலுப்பெண்ணெயானாலும் மெல்லிய திரி சாரலுக்கு அணைந்துவிடும்.

அந்த அகலைப் பற்றி வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. அகலை வனைகிற குயவரால் மழை தொடங்கிய பின் சக்கரத்தைச் சுற்ற இயலாது; வனைந்தது உலராது, நனைந்த விறகில் சூளை எரியாது. கார்த்திகையில் நாம் ஏற்றும் ஒவ்வொரு விளக்கும் கோடையிலும் ஆவணியிலும் வெயிலில் உலர்ந்து சூளையில் வெந்தது. அதற்கான விறகுக்கும் மண்ணுக்கும் அவர் அப்போதே செலவு செய்து, மழை மாதங்களில் வருமானமின்றி அந்த ஒரு திருநாளை நம்பிக் காத்திருக்கிறார். திருநாளுக்கு முதல் நாள் மாலை கடைத்தெருவில் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, இவ்வாண்டு புரட்டாசி முடிவதற்குள் உங்கள் ஊர்க் குயவர் வீட்டைத் தேடிச் சென்று, வேண்டிய அகல்களைச் சொன்ன விலைக்கு வாங்கி வந்து விடுங்கள். அந்தப் பணம் அவர் கைக்கு மழைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.